செயற்கைப் புல் மைதானத்தில் வெறுங்காலுடன் நிற்கலாமா?

சென்ற வருடம் யூலை மாதம் ஸ்ரௌவ்வில் நகரில் நடைபெற்ற எமது கோடைகால விளையாட்டுப் போட்டியை அநேகர் மறந்திருக்க மாட்டீர்கள். காலையில் சிறுவர் உதைபந்தாட்டம், அதன்பின் இளைஞர் ஆட்டம், மதியம் ஒரு மணிக்கு நாற்பது வயதுக்கு மேற்பட்டோர் ஆட்டம், இறுதியில் வழக்கம்போல் கயிறிழுத்தல். முதன்முறையாகச் செயற்கைப் புல் மைதானம் ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தோம். பச்சைப் பசேலென்று கம்பளம் விரித்தாற்போல் இருந்தது. சேறு இல்லை, குழி இல்லை. ஊரில் நாங்கள் ஓடிய வளவுகளில் காலில் ஏறிய நெருஞ்சி முள்ளும் இல்லை. "இப்படி ஒரு மைதானம் அந்த நாளில் எங்களுக்குக் கிடைத்திருந்தால்..." என்று பெருமூச்சு விட்டவர்கள் பலர்.

கயிறிழுத்தல் என்றால் எமது ஆட்கள் சப்பாத்தைக் கழற்றிவிடுவார்கள். வெறுங்காலை ஊன்றி இழுத்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. அன்றும் அப்படித்தான். அறுபது வயதைத் தாண்டிய ஓர் ஐயா முன்வரிசையில் நின்று இழுத்தார். அவரது அணி வென்றது. வென்ற மகிழ்ச்சியில் அதே இடத்தில் நின்று நண்பர்களுடன் கதைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்றவர்கள் "சுடுது, சுடுது" என்று காலை மாற்றி மாற்றி வைத்தார்களாம். ஐயாவுக்குச் சுடவில்லை. அவருக்குப் பதினெட்டு வருடங்களாக நீரிழிவு. பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோனது அவருக்கே தெரியாது. இரவு வீட்டில் காலுறையைக் கழற்றும்போது மகள்தான் கண்டார்: இரண்டு பாதங்களிலும் காசு அளவில் கொப்புளங்கள். ஒன்று உடைந்து புண்ணாகி, அது ஆறுவதற்கு ஏறக்குறைய மூன்று மாதங்கள் சென்றன.

அதே நாள் மதியம் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் வாந்தி எடுத்து, தலை சுற்றி உட்கார்ந்துவிட்டான். "காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை, அதுதான்" என்று நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். இரண்டும் ஒரே காரணத்தால் வந்தவை என்பது பிறகுதான் விளங்கியது.

ஐயாவின் சம்மதத்துடன், பெயர் குறிப்பிடாமல் இதனை எழுதுகிறோம். மைதானத்தில் குற்றம் காண்பது எமது நோக்கம் அல்ல. நேர அட்டவணையைப் போட்டவர்கள் நாங்கள்தான்.

புல் வளராத நாட்டில்

செயற்கைப் புல் எதற்காக வந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1966ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஹியூஸ்ரன் நகரில் கூரை மூடிய அஸ்ரோடோம் அரங்கில் புல் வளரவில்லை. அங்கே விரிக்கப்பட்ட நைலோன் புல்தான் அஸ்ரோரேர்வ் என்று பெயர் பெற்றது. இங்கிலாந்தில் குயின்ஸ் பார்க் றேஞ்சர்ஸ் கழகம் 1981இல் இதை விரித்தது. பந்து பயங்கரமாகத் துள்ளியது. வீரர்கள் விழுந்தால் தோல் உரிந்தது. சில வருடங்களிலேயே அவர்கள் அதை அகற்றிவிட்டார்கள். இப்போது நாம் காண்பது அதற்குப் பின்வந்த தலைமுறை. நீளமான பிளாஸ்ரிக் இழைகள், அவற்றின் இடையே மணல், அதன்மேல் பழைய கார் ரயர்களை அரைத்து எடுத்த கறுப்பு இறப்பர் மணிகள். பிள்ளைகளின் காலுறைக்குள் இருந்து வீட்டு விறாந்தை முழுவதும் கொட்டுகிறதே, அதேதான்.

ஒன்ராறியோவில் இதற்கு ஒரு நியாயம் உண்டு. பனி உருகி நிலம் காயும்வரை புல் மைதானங்களைத் திறக்க மாட்டார்கள். மழை பெய்தாலும் மூடிவிடுவார்கள். பிள்ளைகளின் தொகையோ கூடிக்கொண்டே போகிறது. ஸ்காபரோவில் இருந்து மார்க்கத்துக்கும், அங்கிருந்து ஸ்ரௌவ்வில்லுக்கும் நகர்ந்த எமது குடும்பங்களும் அந்தத் தொகையில் அடக்கம். புல் மைதானத்தில் தினமும் ஓய்வின்றி ஆடினால் அது மண் மைதானமாகிவிடும். செயற்கைப் புல்லில் காலை தொடக்கம் இரவு வரை ஆடலாம். குளிர்காலத்தில் மேலே காற்றடைத்த கூடாரம் போட்டும் ஆடலாம்.

ரொறன்ரோ நகரின் அனுபவமே நல்ல உதாரணம். எக்ஸிபிஷன் பிளேசில் உள்ள பிஎம்ஓ பீல்ட் அரங்கு 2007 ஏப்பிரலில் திறக்கப்பட்டபோது அதில் இருந்தது செயற்கைப் புல். பொதுமக்களும் குளிர்காலத்தில் ஆட வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்த வருடமே இருபது வயதுக்குட்பட்டோருக்கான உலகக் கிண்ண இறுதியாட்டம் அங்கு நடந்தது. ஆர்ஜென்ரினா செக் குடியரசை 2-1 என்று வென்றது. ஆனால் ரொறன்ரோ எப்சி வீரர்களுக்கு அந்தத் தரை பிடிக்கவில்லை. அவ்வருடம் அமெரிக்காவுக்கு ஆட வந்த டேவிட் பெக்கமும் செயற்கைப் புல்லைப் பகிரங்கமாகவே குறை கூறினார். 2010இல் அதைக் கிளப்பிவிட்டு இயற்கைப் புல் பதித்தார்கள். 2026 ஆண்கள் உலகக் கிண்ணத்துக்குப் பீபா விதித்த நிபந்தனையும் இயற்கைப் புல்தான். அதற்காக வன்கூவர் அரங்கும், செயற்கைப் புல் கொண்ட பல அமெரிக்க அரங்குகளும் தரையை மாற்ற வேண்டியதாயிற்று.

பெண்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2015இல் கனடாவில் நடைபெற்ற மகளிர் உலகக் கிண்ணத்தின் எல்லா ஆட்டங்களும், ஆறு நகரங்களிலும், செயற்கைப் புல்லிலேயே நடந்தன. அமெரிக்காவின் அபி வொம்பாக், பிரேசிலின் மார்த்தா முதலிய வீராங்கனைகள் 2014 ஒக்ரோபரில் ஒன்ராறியோ மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டார்கள். பின்னர் 2015 ஜனவரியில் அந்த முறைப்பாட்டை மீளப் பெற்றுக்கொண்டார்கள். யூன் 6ஆம் திகதி எட்மன்ரனில் கனடாவும் சீனாவும் மோதிய முதல் ஆட்டத்தின்போது தரையின் வெப்பம் ஏறத்தாழ 49 பாகை செல்சியஸ் என்று செய்திகள் வந்தன. அன்று வெளியில் இருந்ததோ இதமான கோடை வெயில்தான்.

வானிலை அறிக்கை சொல்லாத வெப்பம்

இயற்கைப் புல் வேரால் உறிஞ்சிய நீரை இலைவழியே ஆவியாக விட்டுக்கொண்டே இருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இப்படித்தான். ஆகவே எத்தனை வெயில் அடித்தாலும் ஈரமுள்ள புல் காற்றைவிட அதிகம் சூடேறாது. பிளாஸ்ரிக் இழைக்கும் கறுப்பு இறப்பருக்கும் அந்த வித்தை தெரியாது. வாங்கிய வெயில் முழுவதையும் வைத்துக்கொள்ளும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பிறிகம் யங் பல்கலைக்கழகத்தார் 2002இல் தமது மைதானத்தை அளந்து பார்த்தார்கள். காற்றின் வெப்பம் 37 பாகையாக இருந்த ஒரு நாளில் செயற்கைப் புல்லின் மேற்பரப்பு 93 பாகை வரை சென்றது. தண்ணீர் கொதிக்க இன்னும் ஏழு பாகைதான் வேண்டும். தண்ணீர் ஊற்றினால் தணியாதா என்று நீர் பாய்ச்சியும் பார்த்தார்கள். 79 பாகை 29 ஆக இறங்கியது. ஆனால் ஐந்தே நிமிடத்தில் 49க்கும், இருபது நிமிடத்தில் 73க்கும் திரும்ப ஏறிவிட்டது. அதன்பின் 49 பாகைக்கு மேல் சூடேறினால் அந்தத் தரையில் ஆடக்கூடாது என்று அவர்கள் வரம்பு வைத்துக்கொண்டார்கள். யூட்டா வெயில் ஒன்ராறியோவில் இல்லைத்தான். இருந்தாலும் அதில் பாதி போதும், ஒரு பாதம் வெந்துபோக.

இதில் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. தொலைக்காட்சியில் "இன்று 31 பாகை" என்று சொல்கிறார்களே, அது நிழலில், புல் தரைக்கு மேலே, ஏறக்குறைய ஆள் உயரத்தில் வைத்த வெப்பமானி காட்டும் கணக்கு. ஈரப்பதத்தைச் சேர்த்துச் சொல்லும் ஹியூமிடெக்ஸ் கணக்கும் அந்த அளவில் இருந்து வருவதே. செயற்கைப் புல்லின் நடுவில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையின் தலைக்கு மேல் வெயில், காலுக்குக் கீழ் அடுப்பு. பிள்ளையின் உயரமும் குறைவு. தரையில் இருந்து எழும் அனலுக்கு அவனது வயிறும் நெஞ்சும் பெரியவர்களுடையதைவிடக் கிட்ட இருக்கின்றன.

"வெயில் எங்களுக்குப் புதிதா? யாழ்ப்பாணத்து வெயிலில் வளராத ஆட்களா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நாங்களும் அப்படிக் கேட்டவர்கள்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஊரில் மத்தியானம் ஒரு மணிக்கு யார் பந்து அடித்தார்கள்? பள்ளிக்கூடம் விட்டு, சாப்பிட்டு, வெயில் தாழ்ந்து நாலு, நாலரைக்குப் பிறகுதான் மைதானத்தில் கால் வைத்தோம். அதற்கு முன் போனால் அம்மம்மா விடமாட்டார். இங்கே மைதானம் கிடைக்கும் நேரம்தான் ஆட்ட நேரம். மேலும், ஆறு மாதம் குளிரிலும் மீதி நாட்களில் குளிரூட்டியிலும் வளரும் பிள்ளையின் உடல் வெயிலுக்குப் பழக ஒன்று இரண்டு கிழமைகளாவது எடுக்கும். பெற்றோர் பிறந்த ஊர் அதற்கு உதவாது.

சிறுவனுக்கு அன்று வந்தது வெப்பக் களைப்பு. தலையிடி, குமட்டல், தசைப்பிடிப்பு, அளவுக்கு மிஞ்சிய வியர்வை, தலைச்சுற்று ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே ஆட்டத்தை நிறுத்தி, நிழலுக்குக் கொண்டுபோய், சப்பாத்தையும் மேலுடுப்பையும் கழற்றி, ஈரத் துணியால் துடைத்து, சிறிது சிறிதாகத் தண்ணீரோ உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் பிள்ளை சம்பந்தமில்லாமல் கதைத்தால், தள்ளாடினால், மயங்கினால் அது வெப்பத் தாக்கு. அப்போது ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 911ஐ அழையுங்கள். அவர்கள் வரும்வரை உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றிக்கொண்டே இருங்கள். மயங்கியவருக்கு வாயால் எதுவும் கொடுக்க வேண்டாம்.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஒரு தனி வார்த்தை. நெடுநாள் நீரிழிவு பாத நரம்புகளை மெதுவாக மரக்கச் செய்யும். சூடு தெரியாது, வலி தெரியாது. இரத்த ஓட்டமும் குறைவாக இருந்தால் சிறு புண்ணும் ஆறாது. எமது சமூகத்தில் நீரிழிவு இல்லாத வீடு எத்தனை? அவர்கள் மைதானத்தின் ஓரத்தில்கூடச் செருப்பைக் கழற்றக் கூடாது. வீடு போனதும் பாதத்தின் அடியைக் கண்ணாடி வைத்தாவது பாருங்கள். இரத்த அழுத்தத்துக்கு நீர் போகும் குளிசை எடுப்பவர்கள் வெயிலில் ஆடுவதற்கு முன் தமது குடும்ப வைத்தியரைக் கேட்டுக்கொள்ளட்டும். இன்சுலினைக் காருக்குள் விட்டுவிட்டு வருவதும் கூடாது. வெயிலில் நிற்கும் காரின் உட்புறம் அந்த மைதானத்துக்கு அண்ணன்.

அந்தக் கறுப்பு மணிகள் புற்றுநோய் தருமா?

எம்மிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். சூட்டைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை.

ரயரில் பல இரசாயனங்கள் உண்டு என்பதும், அவற்றுள் சில புற்றுநோயுடன் தொடர்புடையவை என்பதும் உண்மை. அமெரிக்காவின் வாஷிங்ரன் மாநிலத்தில் அமி கிறிபின் என்ற பயிற்றுநர், தனக்குத் தெரிந்த பந்துகாப்பாளர்களுக்குப் புற்றுநோய் வருவதை 2009 முதல் கவனித்து ஒரு பட்டியல் தயாரித்தார். 2014இல் தொலைக்காட்சிச் செய்தியாக வந்ததும் உலகம் முழுவதும் பெற்றோர் பயந்தார்கள். அம்மாநிலச் சுகாதாரத் திணைக்களம் அந்தப் பட்டியலை ஆராய்ந்து 2017இல் அறிக்கை வெளியிட்டது. அதே வயதுள்ள பொதுமக்களில் எதிர்பார்க்கக்கூடிய தொகையைவிட அந்த ஆட்டக்காரர்களிடையே காணப்பட்ட தொகை குறைவாகவே இருந்தது. பட்டியலை மட்டும் பார்த்த அந்த ஆய்வு, செயற்கைப் புல் முற்றிலும் பாதுகாப்பானது என்று நிரூபிக்கவில்லை. அதனை அவர்களே சொல்லியிருக்கிறார்கள். அமெரிக்கச் சூழல் பாதுகாப்பு நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையும், இரசாயனங்கள் இருந்தாலும் ஆடுபவர்களின் உடலுக்குள் சேரும் அளவு சிறிதாகவே இருக்கக்கூடும் என்கிறது.

எமக்கு அருகில், ரொறன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவு 2015இல் செயற்கைப் புல் பற்றி ஒரு மதிப்பீடு செய்தது. ஒழுங்காக அமைத்துப் பராமரித்தால், ஆடுபவர்களும் சுத்தம் பேணினால், நச்சுப் பொருட்களால் பெரிய ஆபத்து எதிர்பார்க்கப்படவில்லை என்பது அதன் முடிவு. வெப்பத்தை அது தனியே கவனிக்கச் சொன்னது. சுத்தம் பேணுவது என்றால் என்ன? ஆடியபின் கை கழுவுவது, மைதானத்தில் இருந்து சாப்பிடாமல் இருப்பது, சிறு குழந்தைகள் மணிகளை வாயில் போடாமல் பார்ப்பது. நாங்கள் சென்ற வருடம் என்ன செய்தோம்? அந்தப் புல்லின் மேலேயே படங்கு விரித்து மட்டன் றோல்ஸ் பரிமாறினோம். தவழும் பிள்ளைகளையும் அங்கேயே இறக்கிவிட்டோம்.

பழைய நைலோன் மைதானங்களின் நிறப்பூச்சில் ஈயம் இருந்ததால் 2008இல் நியூ ஜேர்சியில் சில மூடப்பட்டன. ஆகவே இழை உதிர்ந்து தூளாகும் மிகப் பழைய மைதானத்தைத் தவிர்ப்பது நல்லது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய விதியின்படி, இந்த மணிகளை 2031 ஒக்ரோபருக்குப் பின் அங்கு விற்க முடியாது. ஆடுபவரின் உடல்நலத்தைவிட, மணிகள் உதிர்ந்து மண்ணிலும் நீரிலும் நுண் பிளாஸ்ரிக்காகச் சேர்வதே அதற்குக் காரணம். ஸ்ரௌவ்வில் பகுதியில் பெருமளவு நிலம் ஓக் றிட்ஜஸ் மேட்டு நிலத்தைச் சேர்ந்தது. மழைநீரை வடித்து நிலத்தடியில் சேர்க்கும் மண் அது. அந்த வகையில் இதுவும் எமது ஊர்ப் பிரச்சினைதான்.

உரசற் புண்ணைப் பற்றியும் இரண்டு வார்த்தை. செயற்கைப் புல்லில் சறுக்கி விழுந்தால் தோல் தேய்ந்து எரியும். 2003இல் செயின்ற் லூயிஸ் றாம்ஸ் என்ற அமெரிக்க உதைபந்து அணியில் மருந்துக்கு எளிதில் மசியாத ஒரு வகைப் பக்ரீரியாத் தொற்று 5 வீரர்களுக்கு 8 தடவை வந்தது. எல்லாமே உரசற் புண் இருந்த இடங்களில். கிருமி புல்லில் இருந்து வந்ததாகக் கொள்ள வேண்டாம். துவாயைப் பகிர்ந்ததும் கை கழுவாததும் அதைப் பரப்பின. புண் கதவைத் திறந்துவிட்டது. ஆகவே விழுந்த பிள்ளையின் முழங்காலைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி மூடிக் கட்டுங்கள். மஞ்சள் தூள் வேண்டாம். சப்பாத்தின் அடியில் நீளமான குமிழ்கள் இருந்தால் கால் தரையில் சிக்கி முறுகும், குட்டைக் குமிழ் உள்ளதையே வாங்குங்கள்.

இவ்வருடம் என்ன மாற்றம்?

விளையாட்டுக் குழு கூடி நீண்ட நேரம் வாதிட்டது. செயற்கைப் புல்லே வேண்டாம் என்றார்கள் சிலர். இயற்கைப் புல் மைதானம் மழை பெய்தால் அன்று காலையில்தான் மூடப்படும், மூன்று மாத ஏற்பாடு வீணாகும் என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஈற்றில் எட்டிய முடிவு இது: உதைபந்தாட்டம் அதே மைதானத்தில்தான் நடக்கும், ஆனால் காலை எட்டு மணிக்குத் தொடங்கிப் பதினொரு மணிக்குள் சிறுவர் ஆட்டங்கள் யாவும் முடிந்துவிடும். பெரியவர்களின் ஆட்டம் மாலை ஆறு மணிக்கு. வெயில் தாழ்ந்தால் அந்தத் தரை விரைவாகவே ஆறிவிடும், மேகம் மறைத்தாலும் அப்படியே. ஒவ்வொரு பாதியின் நடுவிலும் தண்ணீருக்காக ஆட்டம் நிற்கும். கயிறிழுத்தலும் சங்கீதக் கதிரையும் சாப்பாடும் பக்கத்துப் பூங்காவின் மரநிழலில், மெய்யான புல்லில்.

தூரத்தில் இருந்தே சூட்டை அளக்கும் துப்பாக்கி போன்ற சிறு கருவி ஒன்றையும் வாங்கியுள்ளோம். கோவிட் காலத்தில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே, அதன் இனம். தரை 49 பாகையைத் தாண்டினால் ஆட்டம் நிறுத்தப்படும், எந்த அணி முன்னிலையில் இருந்தாலும் சரி. கருவி இல்லாத நாட்களில், பிள்ளைகளைப் பயிற்சிக்குக் கூட்டிச் செல்லும் பெற்றோர் புறங்கையைத் தரையில் வைத்துப் பாருங்கள். ஐந்து விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் பிள்ளையும் அங்கே ஓட வேண்டாம். பயிற்றுநரிடம் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்.

ஐயாவின் பாதம் ஆறிவிட்டது. இம்முறையும் முன்வரிசையில் நிற்கப் பெயர் கொடுத்திருக்கிறார். சப்பாத்துடன் இழுப்பதாயின் மட்டுமே என்று மகள் நிபந்தனை போட்டிருக்கிறார். அதைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு எமக்கு.